ரத்தம் வடியும் இதயமும் அஞ்சு துறைமுகமும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. இன்னிக்கு ஒரு பூவைப் பத்தி எழுதலாம்னு உட்கார்ந்தேன். "நீயெல்லாம் பூவைப் பத்தி எழுதறியா"ன்னு தங்கமணி பின்னாடி நின்னு சிரிக்கறாங்க. சிரிக்கட்டும். விஷயம் பூவில் ஆரம்பிச்சு எங்கெங்கேயோ போய்விட்டது. கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதலில் கொசுவத்தி. நாங்க லண்டனில் குடியிருக்கிற ஹவுன்ஸ்லோ வீட்டுக்கு ஒரு சின்னக் கொல்லை உண்டு. வடக்கு பார்த்தது. இந்த ஊரில் சூரியன் தெற்கே சாய்ஞ்சேதான் போகும், அதனால வடக்குப் பக்கம் வீட்டு நிழல் விழுந்தே கிடக்கும். போதாததுக்கு வேலியோரம் ஒரு பெரிய மரம். வந்த புதுசில் ஆசையா தக்காளி, பச்சை மிளகா, கொத்தமல்லி எல்லாம் போட்டேன். கொத்தமல்லி நூல் மாதிரி வளர்ந்து படுத்தது. தக்காளி காய்ச்சது மொத்தம் மூணு, அதில் ஒண்ணை அணில் தின்னுடுச்சு.

பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு மேலாக இதையெல்லாம் ஒரு வருஷம் பேசாமப் பார்த்துக்கிட்டு இருந்தார். எண்பது வயசுக்கு மேல இருக்கும். அடுத்த மார்ச் மாசம் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து குடுத்தார். உள்ளே மண், மண்ணுக்கு நடுவே செக்கச்செவேல்னு ரெண்டு முளை, அவ்வளவுதான். "இந்த இடத்துக்கு இதுதான் சரி. மரத்தடியில் வை. எங்க அம்மா வச்சிருந்த செடி, அதிலிருந்து பிரிச்சது"ன்னார்.

ஏப்ரல் கடைசியில் அது பூத்ததைப் பார்த்து உண்மையிலேயே அசந்துட்டேன். வில் மாதிரி வளைஞ்ச தண்டு, அதில் வரிசையாத் தொங்கற பூக்கள். ஒவ்வொண்ணும் அச்சு அசல் இதய வடிவம், ரோஸ் கலர். இதயத்தின் அடி நுனியில் வெள்ளையா ஒரு சொட்டு, இப்போ விழப்போற மாதிரி. தங்கமணி "ஜிமிக்கி மாதிரி இருக்கு"ன்னாங்க. நான் கல்யாண வீட்டுத் தோரணம்னு நினைச்சேன். இங்கே அதுக்குப் பேர் ப்ளீடிங் ஹார்ட், ரத்தம் வடியும் இதயம். (விஜய டி. ராஜேந்தர் பட டைட்டில் மாதிரி இருக்கில்ல?)

ஜூன் முடியறப்போ இலை மஞ்சளாச்சு. ஜூலையில் மொத்தமா படுத்திடுச்சு. நான் பயந்துபோய் காலையும் மாலையும் தண்ணி ஊத்தினேன், உரம் வச்சேன், கடைசியில் "செத்துப்போச்சு"ன்னு முடிவு பண்ணி மண்வெட்டியோட நின்னேன். பாட்டி வேலிக்கு மேலிருந்து போட்ட சத்தத்தில் மண்வெட்டியைக் கீழே போட்டுட்டேன். "அது தூங்குதப்பா! மார்ச் வரைக்கும் அந்த இடத்தைத் தொடாதே." மார்ச்சில் பார்த்தா அதே இடத்தில் செக்கச்செவேல்னு ஏழு முளை.

ஏன் இப்படின்னு தேடினதில்தான் இந்தச் செடிகளோட கணக்கு புரிஞ்சது. குளிர் நாட்டுக் காட்டில் மரமெல்லாம் குளிர்காலத்தில் மொட்டையா நிக்கும். வெயில் கொஞ்சம் ஏறினதும், மரம் இலை விடறதுக்கு முன்னாடி, தரைக்கு வெளிச்சம் கிடைக்கற நாள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நாளில் முளைச்சு, பூத்து, அடுத்த வருஷத்துக்கு வேண்டியதை வேரில் சேர்த்து வச்சுக்கணும். அப்புறம் மேலே இலை மூடினா மூடிக்கட்டும். பந்தல் போடறதுக்குள்ளே பந்தியை முடிச்சுக்கற சாமர்த்தியம். அதனாலதான் நிழலில் வளர்ற பல பூக்கள் வசந்தத்தின் தொடக்கத்திலேயே பூத்துடுது. இதயப்பூ இதில் கொஞ்சம் நிதானமான ரகம். ஈரமும் நிழலும் இருந்தா கோடை வரைக்கும் கூடத் தாக்குப் பிடிக்கும், வெயில் காய்ச்சினா சீக்கிரமே போய்ப் படுத்துக்கும். குளிர்கால உறக்கம் இதுக்குக் கட்டாயம். மதுரையில் வைக்கலாமான்னு கேட்காதீங்க, நடக்காது.

இதோட சொந்த ஊர் சைபீரியாவின் தென்கிழக்குப் பக்கம், வட சீனா, கொரியா. ஜெர்மன்காரர்கள் "கண்ணீர் விடும் இதயம்" என்கிறார்கள். பிரெஞ்சில் "மரியாளின் இதயம்". ஜப்பானில் ஒரு பேர் புத்தர் கோயிலில் தொங்கவிடற அலங்காரத்தை வச்சு; இன்னொரு பேர் தூண்டிலில் மாட்டின மீனை வச்சு (அந்த வளைஞ்ச தண்டைப் பார்த்தா அதுதான் ரொம்பப் பொருத்தம்னு தோணுது). சீனப் பேரை எங்க டீமில் இருக்கற நிங்போ ஊர்த் தோழி சொன்னாள்: ஹேபாவ் மூதான். இடுப்பில் கட்டற சுருக்குப்பை மாதிரி பூக்கற மூதான் செடி. மூதான்னா சீனர்கள் கொண்டாடற பியோனிப் பூ, இதோட இலை அதோட இலை மாதிரி இருக்கும். ஐரோப்பாக்காரன் இதயத்தையும் ரத்தத்தையும் பார்த்த இடத்தில் சீனாக்காரன் பர்ஸைப் பார்த்திருக்கான்.

சரி, சீனாக்காரனோட சுருக்குப்பை ஹவுன்ஸ்லோ பாட்டியின் அம்மா தோட்டத்துக்கு எப்படி வந்தது?

லின்னேயஸ் 1753-லேயே இதுக்கு லத்தீனில் பேர் வச்சுட்டார். 1810 வாக்கில் ஒரு தடவை இங்கிலாந்துக்கு உயிரோடவும் வந்திருக்கு, ஆனா நிலைக்காமப் போயிடுச்சு. அந்தக் காலத்தில் இதெல்லாம் சாதாரணம். சீனாவிலிருந்து லண்டன் வரக் கப்பலுக்கு நாலு அஞ்சு மாசம். மேல்தளத்தில் வச்சா உப்புக் காத்து, கீழே வச்சா இருட்டு. குடிதண்ணிக்குத் தட்டுப்பாடு வந்தா மாலுமி தான் குடிப்பானா, செடிக்கு ஊத்துவானா? மக்காவில் இருந்த லிவிங்ஸ்டன் என்ற டாக்டர் 1819-ல் ஒரு கணக்குப் போட்டார். ஆயிரம் செடி ஏத்தினா உயிரோட இங்கிலாந்து போய்ச் சேர்றது ஒண்ணு! (நம்ம ப்ராஜெக்டில் இந்த மாதிரி பாக்கெட் லாஸ் இருந்தா மேனேஜர் என்ன பண்ணுவார்னு யோசிச்சுப் பாருங்க :-))

இதைச் சரி பண்ணினது தோட்டக்காரர் இல்லை, கிழக்கு லண்டனில் இருந்த நத்தானியேல் வார்ட் என்ற டாக்டர். 1829 வாக்கில் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை மூடின கண்ணாடிப் புட்டிக்குள்ளே ஈர மண்ணில் வச்சிருந்தார். பூச்சி வர்றதுக்கு முன்னாடி மண்ணிலிருந்து ஒரு பெரணியும் கொஞ்சம் புல்லும் முளைச்சது. வெளியே, லண்டன் நிலக்கரிப் புகையில், அவர் வச்ச பெரணியெல்லாம் செத்துக்கிட்டிருந்தது. புட்டிக்குள்ளே மட்டும் தண்ணி ஊத்தாமலே பச்சுன்னு நின்னது. பகலில் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிஞ்சு, ராத்திரி மறுபடி மண்ணுக்கே இறங்கிடும். அதே தண்ணிதான் சுத்திச் சுத்தி வருது. 1833-ல் இதே முறையில் ரெண்டு பெட்டி செடிகளை சிட்னிக்கு அனுப்பிப் பார்த்தார். நல்லபடியாப் போய்ச் சேர்ந்தது. திரும்பி வரும்போது ஆஸ்திரேலியச் செடிகளும் பத்திரமா வந்தது. மரச்சட்டம், கண்ணாடிக் கூரை, உள்ளே மண்: பார்க்க ஒரு சின்ன வீடு மாதிரி இருக்கும். வார்டியன் பெட்டின்னு பேர் வந்துடுச்சு.

பெட்டி ரெடி. சீனாவின் கதவு திறக்கணும். அதைத் திறந்த சாவி அபின்.

கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் அபின் விளைவிச்சு ஏலம் விடும். வியாபாரிகள் அதைச் சீனாவுக்குள்ளே கடத்துவாங்க. வந்த வெள்ளி, தேயிலை வாங்கப் போகும். சீன அரசு அபினைப் பிடிச்சு அழிச்சதும் சண்டை. 1842 ஆகஸ்ட் 29-ல் நான்கிங் உடன்படிக்கை. ஹாங்காங் தீவு பிரிட்டனுக்கு. கான்டன், அமாய், ஃபூச்சோ, நிங்போ, ஷாங்காய்ன்னு அஞ்சு துறைமுகம் வியாபாரத்துக்கு. ஸ்கூலில் ரெண்டு மார்க் கேள்விக்குப் படிச்சதுதான். ஆனா மை காய்ஞ்ச ஆறு மாசத்தில், 1843 பிப்ரவரியில், லண்டன் தோட்டக்கலைச் சங்கம் அந்தக் கதவு வழியா ஒரு தோட்டக்காரனை அனுப்பினது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

ராபர்ட் ஃபார்ச்சூன். ஸ்காட்லாந்துக்காரர், 1812-ல் பிறந்தவர். எடின்பரோவில் வேலை பழகி, அப்புறம் சங்கத்தோட சிஸ்விக் தோட்டத்தில் கண்ணாடிக் கூடங்களைப் பார்த்துக்கிட்டவர். (சிஸ்விக் எங்க வீட்டிலிருந்து பஸ் தூரம்.) சம்பளம் வருஷத்துக்கு 100 பவுண்டு. துப்பாக்கி வேணும்னு கேட்டதுக்கு சங்கம் முதலில் ரொம்ப யோசிச்சது. அவர் பிடிவாதம் பிடிச்சு வாங்கிட்டுப் போனார். நல்லதாப் போச்சு. ஒரு தடவை காய்ச்சலில் படுத்திருந்தவர் எழுந்து வந்து, கப்பலை வளைச்ச கடல் கொள்ளையர்களை அந்தத் துப்பாக்கியால்தான் விரட்டினார். சங்கம் குடுத்த லிஸ்ட் இன்னும் தமாஷ்: நீலப் பூ பூக்கற பியோனி, சக்ரவர்த்தி தோட்டத்து ரெண்டு பவுண்டு எடை பீச் பழம். க்ளையன்ட் குடுக்கற ரெக்வயர்மென்ட் அன்னிக்கும் இப்படித்தான் இருந்திருக்கு.

1843 கடைசியில் அவர் சூசான் தீவுக்குப் போனார். இன்னிக்கு ஜோஷான்னு சொல்றாங்க, நிங்போவுக்கு எதிரே இருக்கு. அது அஞ்சு துறைமுகத்தில் சேர்த்தி இல்லை. சீனா கட்ட வேண்டிய நஷ்ட ஈடு முழுசா வர்ற வரைக்கும் அடகுப் பொருள் மாதிரி பிரிட்டிஷ் ராணுவம் பிடிச்சு வச்சிருந்த தீவு. 1846-ல்தான் திருப்பிக் குடுத்தாங்க. மத்த ஊர்களில் வெள்ளைக்காரன் ஒரு எல்லை தாண்டிப் போக முடியாது. இங்கே மலை, வயல், கோயில் எல்லாம் தடையில்லாம சுத்தலாம். அங்கே அவருக்கு வீட்டில் இடம் குடுத்து, செடி தேடத் துணைக்கும் இருந்தவர் தாவரவியல் ஆசை கொண்ட ஒரு ராணுவ டாக்டர், பேர் மாக்ஸ்வெல். எந்த ராணுவம்? மதராஸ் ராணுவம்.

இதைப் படிச்சப்போ ராத்திரி பதினோரு மணி. லேப்டாப்பை மூடிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அபின் போரில் மதராஸ் சிப்பாய்ப் படைகள் நிறையவே போயிருக்கு. 1841 மே மாசம் கான்டன் பக்கத்தில் சான்யுவான்லி கிராமத்து மக்கள் ஆங்கிலப் படையை வளைச்சாங்களே, அதில் கொட்டற மழையில் துப்பாக்கி நனைஞ்சு, வெடிக்காம, வழி தப்பி மாட்டிக்கிட்டது 37-வது மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு. தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களுமா நம்ம பக்கத்து ஆட்கள். அவங்க அங்கே எந்தப் பூவைப் பார்த்தாங்க, ஊருக்கு என்ன எழுதினாங்க, ஒரு வரி கூட என் கையில் கிடைக்கலை. ஃபார்ச்சூன் எழுதின புத்தகம் மட்டும் நாலஞ்சு கிடைக்குது.

சூசானில் ஒரு மாண்டரின் அதிகாரியின் தோட்டம் இருந்தது. குகை மாதிரி பாறை அடுக்கி அழகு பண்ணினது, அதனால வெள்ளைக்காரர்கள் குகைத் தோட்டம்னு கூப்பிட்டாங்க. நம்ம இதயப்பூ ஃபார்ச்சூனுக்குக் கிடைச்சது அங்கேதான். வெய்கேலியாங்கற புதர்ச் செடியும் அங்கேதான். கவனிங்க, காட்டில் கண்டுபிடிக்கலை. யாரோ ஒருத்தர் தலைமுறை தலைமுறையா வளர்த்து, பார்த்துப் பார்த்து நட்டு வச்ச வீட்டுத் தோட்டத்திலிருந்து. இவரை "தாவர வேட்டைக்காரர்"னு எல்லாரும் எழுதறாங்க. புத்தகத்தைப் படிச்சா பாதி நேரம் நர்சரியில் பேரம் பேசிக்கிட்டிருக்கார். வேட்டைங்கறதை விட ஷாப்பிங்னு சொல்றதுதான் நேர்மை.

இன்னொரு விஷயம் சொல்லணும். இந்தச் செடி சேர்ந்த குடும்பம் எது தெரியுமா? அபின் செடியின் குடும்பமேதான், கசகசாக் குடும்பம். நம்ம ஊர் ரோட்டோரத்தில் மஞ்சள் பூவும் முள்ளுமா நிக்குமே பிரம்மதண்டு, அதுவும் இந்தக் குடும்பம்தான். இதயப்பூச் செடியும் விஷம், தொட்டாலே சிலருக்கு அரிப்பு வரும். அக்கா பண்ணின கலாட்டாவில் தங்கச்சிக்கு விசா கிடைச்ச கதை.

1846 மே மாசம் ஃபார்ச்சூன் 18 கண்ணாடிப் பெட்டிகளோட தேம்ஸில் வந்து இறங்கினார். ஆயிரத்துக்கு ஒண்ணுங்கற காலம் மலையேறிப் போச்சு. இதயப்பூ இந்தத் தடவை நல்லாவே வேர் பிடிச்சது. லண்டன் குளிர் அதுக்கு வீட்டுக் குளிர் மாதிரி. கிழங்கு மாதிரி இருக்கற வேரைப் பிரிச்சு நட்டா போதும், விதைக்குக் காத்திருக்க வேண்டாம். அதனால கடைக்குப் போகாம வேலி தாண்டியே பரவிடுச்சு. பிரபு வீட்டுக் கண்ணாடிக் கூடத்திலிருந்து குடிசைத் தோட்டம் வரைக்கும் போய், கொஞ்ச வருஷத்தில் இது ஏதோ இங்கிலாந்துப் பாட்டிகளின் பூர்வீகச் சொத்து மாதிரி ஆயிடுச்சு. எங்க பாட்டிக்கு இது சீனப் பூன்னு நான் சொல்லித்தான் தெரியும். நம்பலை. "இல்லவே இல்லை, இது எங்க அம்மா செடி"ன்னார். அதுவும் உண்மைதானே.

ஃபார்ச்சூன் கதை இத்தோட முடிஞ்சிருந்தா நானும் இதை ஒரு தோட்டக்கலைப் பதிவா முடிச்சிருப்பேன். திரும்பி வந்து செல்சி மருந்துத் தோட்டத்தைப் பொறுப்பேத்துப் பார்த்துக்கிட்டிருந்தவரை 1848-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கூப்பிட்டது. சம்பளம் 500 பவுண்டு, பழைய சம்பளத்தைப் போல அஞ்சு மடங்கு. (இதுக்கு முன்னாடி ஜம்ப் பண்ணினவங்க யாருக்காவது இந்த ஹைக் கிடைச்சிருக்கா?) வேலை: நல்ல தேயிலைச் செடியும் விதையும், அதைப் பதப்படுத்தத் தெரிஞ்ச ஆட்களும் சீனாவிலிருந்து இமயமலைத் தோட்டங்களுக்கு வரணும்.

தலையை மொட்டை அடிச்சு, பின்னல் ஒட்டி, சீன உடுப்போட உள்நாட்டுக்குள்ளே போனார். பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடிதான், பதப்படுத்தற விதம்தான் வேறன்னு கண்ணால் பார்த்து எழுதினார். ஏற்றுமதிப் பச்சைத் தேயிலைக்கு நீலச் சாயமும் ஜிப்சமும் கலக்கறதையும் பார்த்தார். வெள்ளைக்காரனுக்குப் பச்சையா இருந்தால்தான் பிடிக்கும்னு அவங்க போட்ட மேக்கப்! முதலில் அனுப்பின செடிகள் வழியில் நிறையச் செத்தது. அப்புறம்தான் வார்டியன் பெட்டி மண்ணிலேயே விதையைத் தூவி அனுப்பினார். கப்பல் போகப் போக உள்ளே முளைச்சுக்கிட்டே வந்தது. மொத்தம் 20,000 செடிகளுக்கு மேல, எட்டு சீனத் தொழிலாளிகள், கருவிகள்ன்னு அவரே கணக்கு எழுதியிருக்கார். எல்லாம் கல்கத்தா வழியா சகாரன்பூர் தோட்டத்துக்கும் மலைக்கும் போச்சு.

இந்த இடத்தில் பலர் "சீனத் தேயிலையை ஒரே ஆள் திருடி இந்தியத் தேயிலையை உருவாக்கிட்டார்"னு எழுதறாங்க. எனக்கு அது ஓவராத் தெரியுது. அஸ்ஸாமில் தானா வளர்ந்த தேயிலையை 1823-லேயே ராபர்ட் புரூஸ் பார்த்துட்டார். பின்னாளில் பெரிய தோட்டங்களில் ஜெயிச்சதும் பெரும்பாலும் அந்த ரகம்தான். ஃபார்ச்சூன் கொண்டுவந்ததில் பெரிசு அந்த எட்டுப் பேரின் கை வேலைன்னுதான் நினைக்கிறேன். ஆனா பெட்டியின் பங்கை யாராலும் குறைச்சுச் சொல்ல முடியாது. 1860-61-ல் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா செடிகள் வார்டியன் பெட்டியில் வந்தது எங்கே? நம்ம ஊட்டிக்கு. ஒரு தொகுதி செத்துப்போக, அடுத்தது பிழைச்சு, மெக்கைவர் அதைத் தொட்டபெட்டாவில் நட்டார். 1876-ல் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் அதே மாதிரிப் பெட்டியில் இலங்கைக்குப் போச்சு. அந்தச் செடிகளுக்குப் பின்னாலேயே, கூலிக்குன்னு, யார் யார் எந்தெந்த மலைக்கு ஏறினாங்கன்னு நமக்குத் தெரியும். என் அம்மாவழிப் பாட்டியின் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் பேருக்கு மேல எங்க வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஃபார்ச்சூன் 1880-ல் லண்டனில் இறந்தார். பிராம்ப்டன் கல்லறைத் தோட்டத்தில் புதைச்சிருக்காங்க. ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துட்டு வரலாம்னு கிளம்பினேன். பாதி வழியில் இறங்கித் திரும்பிட்டேன். ஏன்னு கேட்டா சரியாச் சொல்லத் தெரியலை. அந்த மனுஷன் மேல எனக்குக் கோபம் கூட இல்லை. காய்ச்சலோட எழுந்து துப்பாக்கி பிடிச்ச தோட்டக்காரர், வருஷம் நூறு பவுண்டு. நானும் சம்பளத்துக்குத்தானே இந்த ஊருக்கு வந்தேன்.

இந்த மார்ச்சில் என் செடியை முதல் தடவையாப் பிரிச்சேன். இளம் முளை வந்ததும் தோண்டி எடுக்கணும். வேர் கேரட் மாதிரி படக்குன்னு ஒடியும், அவசரப்படக் கூடாது. ஒரு துண்டுக்கு ஒரு முளையாவது இருக்கணும். இலை மக்கின மண் நிறையக் கலந்து, தண்ணி தேங்காம நட்டா போதும். ஒரு தொட்டி நிங்போ தோழிக்கு. பூத்ததும் போட்டோ அனுப்பினாள்: எங்க பாட்டி வீட்டு முற்றத்தில் இதே பூ இருந்தது, இருபது வருஷம் கழிச்சு இப்போதான் பார்க்கறேன்னு. நான் குகைத் தோட்டம், 18 பெட்டின்னு நீளமா டைப் பண்ணிட்டு, அனுப்பாம அழிச்சுட்டேன்.

போன வாரம் மறுபடி மெசேஜ். இலையெல்லாம் மஞ்சளா ஆயிடுச்சு, செத்துப்போச்சு போல, மன்னிச்சுக்கோன்னு. "தூங்குது. மார்ச் வரைக்கும் தொடாதே"ன்னு பதில் போட்டிருக்கேன்.